மூடிய புகைபோக்கியும் ஓதம் ஏறிய சுவரும்

இவர் வேலை முடிந்து வந்து மகளின் அறைக் கதவைத் திறந்தபோது, நான் அவளுடைய கட்டிலில் முழங்காலிட்டுச் சுவரில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தேன்.

“என்ன செய்யிறாய்?”

“மணந்து பாக்கிறன்.”

“சுவரையோ?”

“ஓம்.”

டோர்வல் விமான நிலையத்தில் விடியற்காலையிலிருந்து பயணிகளின் பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்த மனிதர். தொப்பியில் இருந்த பனித்துகள் இன்னும் கரையவில்லை. கொஞ்ச நேரம் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தாரணி, நீ ரெண்டு நாள் லீவு எடுத்தால் என்ன?”

எதிலிருந்து லீவு எடுப்பது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூக்கைச் சுவரிலிருந்து எடுத்தால் பிடிபட்ட மணம் விட்டுப்போய்விடும் போலிருந்தது.

பனி அள்ளிய கதையை இந்தப் பக்கங்களில் எழுதியபோது ஒரு வாசகி, “உங்கள் வீட்டில் நல்லதாக ஒன்றுமே நடப்பதில்லையா?” என்று கேட்டிருந்தார். நடக்கிறது, அக்கா. ஆனால் இந்த வாரமும் அதை எழுத முடியாது. இந்த வாரம் சுவர்.

கணப்பு வைத்த வீடு

டொலார்ட் புறநகரில் இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று இவர் மயங்கியது கணப்பில்தான். வீட்டு முகவர் குளியலறையைக் காட்டிக்கொண்டிருக்க, இவர் வரவேற்பறையில் கணப்புக்கு முன்னால் நின்று இல்லாத நெருப்பில் கை காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“வெளியில பனி கொட்டும். நாங்கள் இதில இருந்து தேத்தண்ணி குடிப்பம்,” என்றார்.

வாங்கிக் குடிவந்த பிறகுதான் தெரிந்தது, நினைத்தபடி விறகு எரிக்க இங்கே விடமாட்டார்கள் என்று. கணப்பில் ஒரு நாள்கூட நெருப்பு எரியவில்லை. தேத்தண்ணி குசினியிலேயே குடித்தோம்.

நெருப்புத்தான் இல்லை. புகைபோக்கி இருந்தது. செங்கல்லால் கட்டிய பெரிய புகைபோக்கி. நிலத்துக்கடியில் பேஸ்மென்றில் தொடங்கி, வரவேற்பறையில் கணப்பாகி, அதற்கு மேலே மகள் ஆதிராவின் அறையில் ஓர் அலுமாரி அகலத்துக்குச் சுவரிலிருந்து முன்னால் துருத்திக்கொண்டு, கூரையைத் தாண்டி நின்றது. முதல் குளிர்காலம் முழுக்க அதன் வழியாகக் காற்று இறங்கியது. அந்தத் துருத்தலில் கை வைத்தால் குளிர்சாதனப் பெட்டியைத் தொடுவதுபோல இருக்கும். ஆதிராவின் கட்டிலுக்கு அந்த அறையில் வேறு இடமும் இல்லை. ஒரு பக்கம் யன்னல், ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் ஹீற்றர்.

நான் படித்தவள். அதுதான் பிரச்சினை. எதையும் செய்வதற்கு முன் அதைப் பற்றிப் படிப்பேன். படித்து முடித்ததும் அதற்கு எதிராக எழுதியிருப்பதையும் படிப்பேன். புகைபோக்கியை மூடு என்றார்கள். மூடாதே என்றார்கள். குளிர்காப்புப் போடு என்றார்கள். போட்டால் செங்கல் ஈரம் பிடிக்கும் என்றார்கள். கோடை முழுக்கப் படித்தேன். இலை பழுக்கத் தொடங்கிய நேரத்தில் இனிப் படிக்க முடியாது என்று சிவா அண்ணையைக் கூப்பிட்டேன்.

சிவா அண்ணை எங்கள் ஆட்களின் வீடுகளுக்கெல்லாம் இந்த மாதிரி வேலை செய்பவர். கூரையில் ஏறிப் புகைபோக்கியின் வாயைத் தகரத்தால் மூடினார். கணப்பின் தொண்டைக்குள் பஞ்சை அடைத்து முன்பக்கத்தைப் பலகையால் மறைத்தார். ஆதிராவின் அறையில் அந்தத் துருத்தல் முழுவதற்கும் நுரைப்பலகை ஒட்டி, அதன் மேல் ஜிப்சம் பலகை அடித்தார். நான் இளமஞ்சள் நிறம் பூசினேன்.

“அண்ணை, எப்பன் காத்துப் போக வழி விட வேண்டாமோ?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தங்கச்சி, காத்துப் போற வழியை அடைக்கத்தானே என்னைக் கூப்பிட்டனீங்கள்?”

அதுவும் சரியாகத்தான் பட்டது. எனக்கு யார் எதைச் சொன்னாலும் கொஞ்ச நேரத்துக்குச் சரியாகத்தான் படும்.

கீழே ஒரு சமையலறை

இந்த இடத்தில் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா என்றால் இவருடைய அப்பா. மாமி காலமான பிறகு எங்களோடு வந்து பேஸ்மென்றில் இருக்கிறார். அகதியாக வந்த நாளிலிருந்து ஓய்வெடுக்கும்வரை நகரத்தில் ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் நின்றவர். கோப்பை கழுவத் தொடங்கி, கடைசியில் குசினியையே நடத்தினார். ஊருக்கே சமைத்த மனிதருக்கு மகன் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. பேஸ்மென்றில் ஒரு மின் அடுப்பு வாங்கி வைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாடு கீழேயிருந்துதான் மேலே வருகிறது.

இப்படி இரண்டாவது குசினி வைத்திருக்கும் வீடுகள் எங்கள் ஆட்களிடம் நிறைய. காரணம் குளிர்கால உடுப்பு. தடித்த ஜாக்கெட்டுகள் வாசலில் தொங்கும். மேலே மீன் பொரித்தால் அந்த மணம் ஜாக்கெட்டுக்குள் ஏறி, பங்குனி வரைக்கும் இறங்காது. அதைப் போட்டுக்கொண்டு கார்டரி என்கிற பகல் காப்பகத்தில் பிள்ளையை விடப் போனால், மற்றத் தாய்மார் ஒன்றும் சொல்லமாட்டார்கள். புன்னகைத்தபடி கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் நாங்கள் மீனைக் கீழே அனுப்பினோம்.

எனக்குக் கீழே இறங்க வேலையே இல்லை. துணி துவைப்பதுகூட மேலேதான். மாமா சட்டிகளைப் படியின் உச்சியில் வைத்துவிட்டு, “சாப்பாடு!” என்று ஒரு குரல் கொடுப்பார். நான் எடுத்துக்கொள்வேன். வெறும் சட்டிகளைக் கழுவி அதே படியில் வைப்பேன்.

மாமாவும் நானும் ஒரு நாளும் சண்டை பிடித்ததில்லை. சண்டை பிடிப்பதென்றால் நேரே பேச வேண்டும். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் அவரிடம் சொல்ல வேண்டியதை இவரிடம் சொல்வேன். அவர் என்னிடம் சொல்ல வேண்டியதை இவரிடம் சொல்வார். ஆதிரா பேசத் தொடங்கிய பிறகு சின்ன விஷயங்களை அவள் கொண்டுபோனாள். “அப்பப்பாவிட்ட உறைப்பைக் குறைக்கச் சொல்லு.” அவள் பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் கீழே கத்துவாள். அடுத்த நாள் உறைப்புக் குறைந்திருக்கும். இதை மரியாதை என்று நினைத்திருந்தேன். வசதி என்பதும் உண்மைதான்.

சிவா அண்ணை வேலை செய்த நாட்களில் மாமா ரொறன்ரோவில் மகள் வீட்டில் நின்றார். “மாமா வந்ததும் சிம்னியை மேலே மூடியாச்சு எண்டு சொல்லிவிடுங்கோ,” என்று இவரிடம் சொன்னேன்.

“ஓம், ஓம்,” என்றார்.

இவருடைய ஓம் ஒன்றாக வந்தால் காரியம் நடக்கும். இரண்டாக வந்தால் நடக்காது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டேன்.

மஞ்சள் சுவரில் பழுப்பு

மார்கழியில் முதல் கறை வந்தது. தேத்தண்ணி சிந்தினதுபோல, கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே. ஆதிராதான் கப்பைத் தட்டியிருப்பாள் என்று துடைத்தேன். அடுத்த கிழமை அது அகலித்தது. தைப்பொங்கலுக்குள் சுவர் முழுக்கப் பழுப்பு வழிந்தது. அடியில் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சணம்.

ஆதிரா இருமத் தொடங்கினாள். குளிர்காலத்தில் கார்டரிப் பிள்ளைகள் எல்லாரும் இருமுவார்கள். ஆனால் இவளுடைய இருமல் வேறு மாதிரி. படுத்ததும் தொடங்கும், நெஞ்சுக்குள் சின்ன விசில் கேட்கும். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, “பிள்ளை படுக்கும் அறை ஈரமானதா?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். “அறையை மாற்றுங்கள், ஈரத்தின் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்,” என்றார். இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் இது மாறாவிட்டால் நிரந்தரமாக மருந்து உறிஞ்ச வேண்டிவரலாம் என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து ஆதிரா வரவேற்பறைச் சோபாவில் படுத்தாள். ஒவ்வொரு நாளும் கேட்பாள், “அம்மா, என்ர அறைக்கு எப்ப போறது?” அவளுடைய முயல் பொம்மை மட்டும் அந்தக் கட்டிலில் இருந்தது. அறையைக் காவல் காக்கிறதாம்.

காரணம் கேட்டால் ஊர் முழுக்கச் சொல்லியது. கூரைக்காரர் ஒருவர் வந்து மழை என்றார். மழை எங்கே, வெளியில் பனிதானே என்றேன். அப்போ பனி என்றார். இன்னொருவர் நிலத்தடி நீர் சுவரில் ஏறுகிறது என்றார். பேஸ்மென்றில் ஏறாமல் நேரே மாடிக்கு எப்படி ஏறும் என்று கேட்டேன். “சில வேளை அப்படித்தான், மேடம்,” என்றார். மூன்றாமவர் குளிர்காப்புப் போதாது, இன்னொரு தட்டுப் போட வேண்டும் என்றார். கோயிலில் ஓர் அம்மா கல்லுப்பை மூலையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். உப்புக் கரைந்து, மரத்தரையில் வெள்ளை வட்டம் விழுந்தது. இப்போது அதுவும் இருக்கிறது.

நான் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி அந்த அறையில் வைத்தேன். பிறகு அது பிழை காட்டுகிறதோ என்று இன்னொன்று வாங்கினேன். இரண்டும் வேறு வேறு எண் காட்டின. இவர் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“மூண்டாவது ஒண்டு வாங்கு. வாக்கெடுப்பு வைப்பம்.”

அன்று முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை.

எட்டாம் வகுப்புப் பாடம்

ஒரு விஷயம் எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. இங்கே வருவதற்கு முன் நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவள். எட்டாம் வகுப்புக்கு ஆவி ஒடுங்குதல் படிப்பிக்க ஒரு சட்டியையும் மூடியையும் வகுப்புக்குக் கொண்டுபோவேன். தண்ணீர் கொதிக்கும். மூடியைத் தூக்கிக் காட்டுவேன். அடியில் துளிகள் தொங்கும். “இந்தத் தண்ணி எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்பேன். பின்வாங்கில் இருப்பவன்கூடச் சரியாகச் சொல்வான்.

அப்படிப்பட்ட நான், சூடான வீட்டுக்குள் குளிர்ந்த ஒரு செங்கல் குழாய்க்கு மூடி போட்டுவிட்டு, தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிந்தேன். மூடி இருப்பது தெரியும். அந்த மூடிக்குக் கீழேதான் சட்டி கொதிக்கிறது என்பது தெரியாது.

சொன்னது ஆதிரா. முயல் பொம்மையை எடுத்துவரப் போனவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

“அம்மா, என்ர சுவர் ப்வாசோன் மணக்குது.”

ப்வாசோன் என்றால் பிரெஞ்சில் மீன். கார்டரியில் புதிதாகப் படித்த சொல். ஒரு கிழமையாகக் காலுறை, அப்பா, பாண் எல்லாமே அவளுக்கு ப்வாசோன்தான். நான் சிரித்துவிட்டு விட்டேன். பிறகு, சிரித்தது பிழையோ என்று வழக்கம்போல ஒரு யோசனை. போய்க் கட்டிலில் ஏறினேன்.

முதலில் கரி மணந்தது. ஈரமான பழைய கரி. பிறகு ஈரப் பலகை. அதற்கும் பின்னால், மெலிதாக, புளியும் வெந்தயமும். அந்த நேரத்தில்தான் இவர் கதவைத் திறந்தார்.

“நீங்களும் மணந்து பாருங்கோ,” என்றேன்.

மணந்தார். “பசிக்குது,” என்றார்.

சுவருக்குள் ஒரு சத்தம்

அடுத்த நாள் காலை ஆதிராவைக் கார்டரியில் விட்டுவிட்டு வந்து, மறுபடியும் அந்த அறைக்குப் போனேன். இந்த முறை காதை வைத்தேன். சுவருக்குள் மெல்லிய ஊ என்ற சத்தம். அந்தச் சத்தத்தை முன்பும் கேட்டிருக்கிறேன். விமானம் என்று இவர் சொல்லியிருந்தார். விமானம் இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிற்காது.

காதை எடுக்காமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. கீழேயிருந்து மாமாவின் குரல் வந்தது.

“சாப்பாடு!”

படியில் புட்டு இருந்தது. ஆவி பறந்தது.

பின்னேரம் இவரிடம் சொன்னேன். “மாமாவின்ர அடுப்புக்கு மேல ஃபான் ஏதும் இருக்கோ?”

“ஓம், இருக்கு. அவரும் அவற்ற சிநேகிதரும் பூட்டினவை.”

“அது எங்க போகுது?”

“வெளியிலதான் போகும்.”

“வெளியில எங்க?”

அவர் யோசித்தார். அந்த யோசனையின் நீளத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

“கேட்டுக்கொண்டு வாங்கோ.”

இறங்கிப் போனார். வெகுநேரம் கழித்து, கையில் ஒரு தட்டு மீன் கட்லட்டோடு வந்தார். “பேந்து கேக்கிறன். அவர் இப்ப நல்ல சந்தோசமாய் இருக்கிறார்,” என்றார்.

இவருடைய பயம் எனக்கும் விளங்காமல் இல்லை. மாமாவுக்கு அந்தக் குசினிதான் வீடு. அவருடைய சமையலைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னால் பெட்டியை எடுத்துவிடுவார். மீனை இனி வாங்க வேண்டாமே என்று இவர் ஒருமுறை சொன்னதற்கு, பெட்டியோடு வாசலில் ரொறன்ரோ பேருந்துக்கு நின்றவர். உங்கள் புட்டு ஆவியால்தான் பேத்தி இருமுகிறாள் என்று சொன்னால் திரும்பியே வரமாட்டார்.

அடுத்ததாக ஆதிராவை அனுப்பினேன். நாலு வயதுப் பிள்ளையைத் தூது அனுப்பியது பற்றி எனக்குப் பெருமை இல்லை. அவள் படியில் நின்று கத்தினாள்.

“அப்பப்பா! உங்கட ப்வாசோன் என்ர சுவருக்குள்ள இருக்கு!”

கீழே மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்கும் ஒரு கட்லட் கிடைத்தது. அதைத் தின்றுகொண்டே சோபாவில் படுத்தாள். படுத்ததும் இருமினாள்.

கட்லட் வாயிலிருந்து தெறித்தது. கண் கலங்க என்னைப் பார்த்தாள். நான் எழுந்து கீழே இறங்கினேன்.

நேரே

மாமா இடியப்ப மாவைக் குழைத்துக்கொண்டிருந்தார். இடுப்பில் உணவகக் காலத்து ஏப்ரன். என்னைக் கண்டதும் திடுக்கிட்டார்.

“என்ன பிள்ளை? உப்புக் கூடிப்போச்சோ?”

“இல்லை மாமா. இந்த ஃபானின்ர குழாய் எங்க போகுது?”

அவர் முகம் மலர்ந்தது. இத்தனை மாதமும் ஒருவரும் அதைக் கேட்கவில்லைப் போலும். கரண்டிக் காம்பால் உட்கூரைத் தட்டியை மேலே தள்ளிக் காட்டினார். மடிப்பு மடிப்பான அலுமினியக் குழாய் ஒன்று வளைந்து போய்ப் புகைபோக்கிச் சுவருக்குள் நுழைந்தது.

“முந்தி எண்ணெயில ஓடுற ஹீற்றர் நிண்ட இடம். அதின்ர புகை போன ஓட்டை சும்மா தகரத்தால மூடிக் கிடந்தது. நான் ரொறன்ரோவால வந்த உடன, ஒரு சுவரும் உடைக்காமல், உங்களுக்கும் கரைச்சல் இல்லாமல், அதுக்குள்ள விட்டிட்டன். நேர மேல போயிடும்.”

“போகாது மாமா.”

அவரிடம் நான் சொன்ன முதல் மறுப்பு அதுதான்.

“ஏன் போகாது? முன்னால பலகை அடிச்சிருக்கிறதைக் கண்டனான். மேல திறந்துதானே கிடக்கு?”

“மேலயும் மூடியாச்சு.”

“ஆர் மூடினது?”

“நான்தான். நீங்கள் ரொறன்ரோவில நிக்கேக்க.”

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!”

“இவரிட்டச் சொல்லிவிட்டனான்.”

“நான் ஃபான் பூட்டினதை உனக்குச் சொல்லச் சொல்லி அவனிட்டத்தான் சொன்னனான்!”

இருவரும் திரும்பிப் பார்த்தோம். இவர் படியின் நடுவில் நின்றார். ஒரு கால் கீழே, ஒரு கால் மேலே போகத் தயாராக.

“நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சிருப்பியள் எண்டு நினைச்சன்,” என்றார்.

“எப்ப கதைச்சிருக்கிறம்?” என்று மாமா கேட்டார். அதையே கேட்க நானும் வாயைத் திறந்திருந்தேன்.

பிறகு அவர் முகம் மாறியது. கையிலிருந்த மாவை ஏப்ரனில் துடைத்தார். ஃபானை நிறுத்தினார்.

“அப்ப, நான் சமைக்கிறதாலதான் பிள்ளைக்கு இருமல் எண்டுறாய்.”

“நான் மூடினதாலையும்தான் மாமா. ஒருக்கா மேல வந்து மணந்து பாருங்கோ.”

வந்தார். கட்டிலில் கையூன்றி, சுவரில் மூக்கை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“பாரை மீன்,” என்றார் கடைசியில். “போன புதன்கிழமை வைச்சது. வெந்தயம் எப்பன் கருகிப்போச்சு எண்டு அண்டைக்கே நினைச்சனான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். அவர் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து முயல் பொம்மையைக் கையில் எடுத்தார். அதன் முதுகு நனைந்திருந்தது.

“இதுக்குள்ளையோ பிள்ளை படுத்தது?”

“ஓம் மாமா.”

மறுநாள் படியில் சாப்பாடு இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பாணும் ஜாமும் தின்றோம். மூன்றாம் நாள் காலை படியடியில் பெட்டி நின்றது. இவர் என்னைப் பார்த்தார். போய்ச் சொல்லு என்ற பார்வை. எனக்கு வந்த எரிச்சலில் கெஞ்ச வாய் வரவில்லை.

“மாமா, போறதெண்டால் அந்தக் குழாயைக் கழட்டிப்போட்டுப் போங்கோ. எனக்கு அதைக் கழட்டத் தெரியாது. உங்கட மகனுக்கு நிச்சயமாய்த் தெரியாது.”

அவர் பெட்டியைத் திறந்து, உள்ளே உடுப்புக்கு அடியிலிருந்து திருப்புளியை எடுத்தார். ரொறன்ரோவுக்குத் திருப்புளி ஏன் என்று நான் கேட்கவில்லை.

குழாயைக் கழற்றினால் ஓட்டையை அடைக்க வேண்டும். அடைத்தால் ஆவிக்கு வேறு வழி வேண்டும். பேஸ்மென்ற் யன்னல் பக்கமாக வெளிச்சுவரில் ஒரு துளை போட வேண்டும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வேலை வந்து, கடைசியில் அந்தப் பெட்டிக்குள் ஆணிகளும் பிசின் குழாய்களும்தான் இருந்தன.

கழற்றிய பிறகு

சிவா அண்ணை வந்து மஞ்சள் பலகைகளைப் பெயர்த்தார். பலகையின் பின்பக்கம் கறுத்திருந்தது. கணப்பின் தொண்டையிலிருந்து உருவிய பஞ்சு, தரை துடைத்துவிட்டுப் பிழியாமல் வைத்த துணிபோலக் கனத்துத் தொங்கியது. சிவா அண்ணை அதைப் பையில் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தங்கச்சி, சிம்னி எண்டால் எப்பன் காத்துப் போக வழி விடவேணும். நான் அப்பவே சொன்னனான்.”

மாமா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஓம் தம்பி, ஆரோ சொன்னதுதான்,” என்றார்.

தகர மூடியை எடுத்துவிட்டு, மழை இறங்காமல் காற்று மட்டும் போகிற தொப்பி ஒன்று கூரையில் வைத்தோம். செங்கல்லை வெறுமையாக விட்டோம். அதற்கு முன்னால் ஒரு மேசை விசிறி, பனி கரைந்து, கார்டரிப் பிள்ளைகள் ஜாக்கெட்டைக் கழற்றும் வரைக்கும் சுழன்றது. குளிர்காப்பைச் செங்கல் நன்றாகக் காய்ந்த பிறகு பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன். எப்படிப் போடுவது என்று படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

ஆதிரா இப்போது தன் அறையில் படுக்கிறாள். நெஞ்சில் விசில் இல்லை. வைத்தியர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, மருந்து பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம் என்றார். சுவர் காய்ந்ததால் குறைந்ததா, கோடை வந்ததால் குறைந்ததா என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். அந்தத் தோள்குலுக்கலை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மாமா இப்போது இவர் மூலமாக எதையும் சொல்வதில்லை. காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து குரல் வரும். “பிள்ளை, ஃபான் போடுறன்!” கொஞ்ச நேரத்தில், “பிள்ளை, ஃபானை நிப்பாட்டிட்டன்!” அடுப்பைப் போட்டது, குழாயில் தண்ணீர் சொட்டுவது, யன்னலைத் திறந்தது, அணில் ஒன்று எட்டிப் பார்த்தது எல்லாம் எனக்கு அறிவிக்கப்படுகிறது. பதில் சொல்லாவிட்டால் படியேறி வந்து, “கேட்டதோ?” என்கிறார். முன்பிருந்த அமைதியை நினைத்துச் சில காலைகளில் ஏங்குகிறேன்.

போன கிழமை, மடித்த துணிகளை வைக்க ஆதிராவின் அறைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. திறந்தேன். கட்டிலில் கையூன்றி, செங்கல்லில் மூக்கை வைத்துக்கொண்டு மாமா.

“என்ன மாமா செய்யிறியள்?”

“மணந்து பாக்கிறன்.”

அன்று காலைதான் பாரை மீன் குழம்பு வைத்திருந்தார். அதையும் எனக்கு அறிவித்திருந்தார்.

“என்ன மணக்குது?”

அவர் இன்னொரு முறை மூச்சை உள்ளே இழுத்தார்.

“ஒண்டுமில்லைப் பிள்ளை,” என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது போலப் பட்டது.

அவர் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை நின்றேன். பிறகு துணிகளை வைத்துவிட்டு, நானும் ஒருமுறை மணந்து பார்த்தேன்.